சுவரேறிய கருவாயன்

நாலு காலும் நடுங்க, ஆளுயரச் சுவர்மேல் நின்றது கருவாயன் என்கிற கிடா. எப்படி ஏறியதென்று அதற்கே தெரியாது. நாய் துரத்தியது, அவ்வளவுதான். இறங்கவும் தெரியவில்லை.

கீழே கூட்டாளி ஆடுகள் கூடிவிட்டன. "மாப்ள, எப்படிடா சாதிச்ச? எங்களுக்கும் கொஞ்சம் சொல்லித் தாயேன்."

பிறந்ததிலிருந்து அதை யாரும் இப்படி அண்ணாந்து பார்த்ததில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த காக்கை அதன் காதோரம் சொன்னது: "நாய்க்குப் பயந்து ஏறிட்டேன், இறங்கத் தெரியலன்னு சொல்லித் தொலை. முதுகு கொடுத்து இறக்கி விடுவாங்க."

கருவாயனுக்கும் அதுதான் சரியென்று பட்டது. பசி வேறு. தொண்டையைச் செருமிக்கொண்டது.

"முதல்ல," என்றது, "விடியக்காலையில எந்திரிச்சுப் பழகணும்."