சாட்சிக்கு ஒரு ஆயில் சீல்

"கை வச்சது அவன்தான். சீலு மட்டும் வெளிய வரட்டும், நேரா ஸ்டேஷன்ல கொண்டு போய் வைக்கிறேன்."

வாசலில் பைக்கை ஆயில் கொட்டாதபடி மறுபக்கம் சாய்த்துப் போட்டு, கியர் லிவரைக் கழற்றிவிட்டுக் குந்தியிருந்தான் எபினேசர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடப் போகவில்லை.

கியர் ஷாஃப்டைச் சுற்றி ஆயில் வெளியே வராமல் தடுக்கிற ரப்பர் வளையம்தான் அந்தச் சீல். ஒரு மாதமாக ஒழுகுகிறது. தினமும் வண்டி நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஊரார் மெஷினுக்கெல்லாம் ஆயில் பார்க்கிறவன், சொந்த வண்டியை மட்டும் 'சண்டே பாத்துக்கலாம்' என்று தள்ளிக்கொண்டே வந்தான்.

'அவன்' என்றது எதிர் வீட்டுச் சின்னதுரையை. தெருக்குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறான் என்று எபினேசர் பஞ்சாயத்தில் புகார் செய்ய, ஆட்கள் வந்து மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கே, "சிறுவாபுரி முருகன் மேல ஆணையா இவனாண்ட இனிமே பேசமாட்டேன்" என்று தெருவே கேட்கச் சத்தியம் செய்துவிட்டான் சின்னதுரை. அதிலிருந்து எதுவானாலும் மனைவி திலகவதியிடம் சொல்வதுபோல் உரக்கச் சொல்லுவான். எபினேசர் பட்டென்று கதவைச் சாத்திக்கொள்வான்.

"விடியக்காலைல பால் பாக்கெட் எடுக்க வந்தேன். அவரு நம்ம வண்டியாண்ட குந்தினு இருந்தாரு. என்னப் பாத்ததும் லுங்கில கையத் தொடச்சிகினு போய்ட்டாரு. மெய்தான்" என்றாள் அவன் மனைவி மெர்சி. "அதுக்குன்னு போலீசாங்க?"

"அவன் ஊட்டு ஜன்னலப் பாரு. ஆயில் டப்பா கீதா? சைக்கிள்ல போறவனுக்கு இன்னாத்துக்கு இஞ்சின் ஆயிலு? சீலுல ஆணியால குத்திட்டு, நம்ம ஆயில புடிச்சிகினு போறான்."

"புடிச்சிகினு போயி?"

"விப்பான். சைக்கிள் செயினுக்கு ஊத்துவான். எனக்கு இன்னா தெரியும்?"

சந்தேகம் வந்துவிட்டால் காரணத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. அதுவே வந்து வரிசையில் நிற்கும்.

ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினான். சீல் அசையவில்லை. சுற்றிச் சுற்றி நெம்பினான். ஓரம்தான் பிய்ந்தது.

"கம்பெனில இப்படியா கழட்டுவீங்க? சின்னதா ஓட்டை போட்டு, ஸ்குரூவ ஏத்தி, கொறடால இழுத்தா வந்துடும்னு நீங்கதான சொல்வீங்க?"

"ஓட்டை போட்டா, அவன் குத்துனது எது, நான் குத்துனது எதுன்னு எப்டித் தெரியும்? சாட்சி முழுசா வரணும் மெர்சி."

சாட்சி வருவேனா என்றது. ஸ்குரூ டிரைவர் வழுக்கிக் கட்டைவிரலைக் கிழித்ததுதான் மிச்சம்.

எதிர் வாசலிலிருந்து சத்தம் வந்தது. "திலகா, அப்டி நோண்டினா ஷாஃப்டு கீறிக்கும். அப்பறம் புது சீலு போட்டாலும் ஒழுவும்."

"கேட்டியா? திலகவதிக்கும் ஷாஃப்டுக்கும் இன்னா சம்பந்தம்? என்னக் கொழப்பி உட்டு சாட்சிய அழிக்கப் பாக்குறான்" என்று பல்லைக் கடித்தான் எபினேசர்.

வெயில் உச்சிக்கு ஏறியது. அதற்குமேல் அவனுக்கும் பொறுமையில்லை. ஓட்டை போட்டு, ஸ்குரூவை ஏற்றி, குறட்டால் பிடித்து ஒரே இழுப்பு. சீல் கையோடு வந்தது.

மெர்சி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீங்க போட்ட ஓட்டை கீது. நீங்க நோண்டினது கீது. அவரு குத்துனது எங்க?"

"ஆசிட் ஊத்திக்கிறான். ரப்பரு எப்டிக் காஞ்சி கெடக்குது பாரு."

"வண்டி வாங்கி எத்தினி வருஷம் ஆவுது?"

எபினேசர் அதை அவள் கையிலிருந்து பிடுங்கினான். சீலைக் கர்ச்சீப்பில் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். புதுச் சீலுக்கு ஆயிலைத் தடவி, மேலே குழாய்த் துண்டை வைத்து மெல்லத் தட்டினான். அடம் பிடிக்காமல் உட்கார்ந்தது.

வாங்கி வைத்திருந்த புது ஆயில் டப்பாவைப் பிரித்தான். "ஒரு மாசமா போயிகினு கீது. பாதிகூட இருக்காது. எவ்ளோ திருடிக்கிறான்னு நீயே பாரு. வண்டிய நேரா புடி."

மெர்சி பிடித்தாள். அளவுக் குச்சியை எடுத்தவன் அப்படியே நின்றான். துடைத்து, மறுபடி விட்டு எடுத்தான்.

மேல்கோடு வரைக்கும் ஆயில் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் மாற்றியது இந்நேரம் தார் மாதிரி கறுத்திருக்க வேண்டும். இதுவோ தேன் நிறத்தில் இருந்தது.

"நடுவுல நீங்க ஊத்தினீங்களா?"

"இல்லியே."

இரண்டு பேரும் எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்தார்கள். டப்பா அங்கேயேதான் இருந்தது.

எபினேசருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பையிலிருந்த சாட்சி கனத்தது. எடுத்துச் சாக்கடையில் போட்டான். கையைக்கூடக் கழுவாமல் தெருவைத் தாண்டிப் போய் அந்த வாசலில் நின்றான்.

"அண்ணே, ஆயில் கொறையுதுன்னு என்னக் கூப்ட்டு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

சின்னதுரை அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த திலகவதியிடம் சொன்னார்:

"திலகா, ஜி.என்.டி. ரோட்ல லாரிங்க நடுவுல இஞ்சின் ஜாமாயி நின்னுச்சின்னா, பின்னாடி குந்தினு போற அந்தப் பொண்ணு கதி இன்னா ஆவும்? பேசமாட்டேன்னுதான் முருகன் மேல சத்தியம் பண்ணேன். ஆயில் ஊத்தமாட்டேன்னா பண்ணேன்?"