மேல்முறையீட்டின் மூன்றாவது காரணம்

மேல்முறையீடு தாக்கல் செய்ய இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது. கட்சிக்காரர் கைவிடச் சொன்ன வழக்கை விடாமல் நடத்தியதற்காக, எதிர்த்தரப்பின் செலவை வக்கீலம்மா தன் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும் என்பது உத்தரவு. ஜன்னல் வெயில் சின்ன ஜூனியரின் விரல்களில் விழுகிறது. அவள் தட்டச்சு செய்ய, அவளுடைய நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி வக்கீலம்மா நிற்கிறார். எதிர் மேசையில் பக்கங்களுக்கு எண் போடும் மூத்த ஜூனியருக்கு வயிறு எரிகிறது. ஏழு வருஷத்தில் அந்தக் கை இவள் நாற்காலிப் பக்கம் வந்ததில்லை. அந்த வழக்கைக்கூடச் சின்னவளிடம்தான் தூக்கிக் கொடுத்தார். "மேடம், மூணாவது காரணமா, 'கைவிடச் சொல்லி எந்தக் கடிதமும் வரலை'ன்னு போடட்டுமா?" "போடுடி ராசாத்தி. சத்தியம் பண்ணியே கையெழுத்துப் போடுறேன்." பிரிண்டர் முனகிக்கொண்டே தாளைத் தள்ளுகிறது. வக்கீலம்மா பேனா மூடியைக் கழற்றுகிறார். மூத்தவள் எழுந்து நிற்கிறாள்.

"போடாதீங்க மேடம். கடிதம் வந்துச்சு. இவ கோர்ட்டுல திருதிருன்னு முழிக்கட்டும்னு நான்தான் ஒளிச்சு வெச்சேன்."