எதற்கு ஆள் எடுக்கிறார்கள்?

சோபாவில் அவன் முதுகு சாய்வதற்குள் சிட்டுவின் அம்மா முதல் கேள்வியைப் போட்டுவிட்டார்.

"நீங்க வேலை செய்யறது எதுல தம்பி? ஆரக்கிளா, போஸ்ட்கிரெஸா?"

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சம்பளத்தைக் கேட்பார், குடும்பத்தைக் கேட்பார், சிகரெட் பழக்கம் உண்டா என்று சுற்றிவளைத்துக் கேட்பார் என்றெல்லாம் வழிநெடுகப் பதில்களை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தான். டேட்டாபேஸைப் பற்றிக் கேட்பார் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அம்மா உன்னைப் பார்த்துப் பேசணுமாம் என்று மட்டும்தான் சிட்டு சொல்லியிருந்தாள். அவள் பல் டாக்டர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போன இடத்தில் தொடங்கிய காதல். அவள் சொன்ன அந்த ஒரு வரிக்காகப் புதுச் சட்டை எடுத்து, முடி வெட்டி, மேலாளரிடம் வயிற்றுவலி என்று புளுகிவிட்டு வந்திருந்தான்.

போஸ்ட்கிரெஸ் என்றான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது தேவலை என்று அம்மா கேட்டார்.

பெண் கொடுப்பதற்கு முன் இவ்வளவு படித்துவிட்டு வந்து உட்காரும் மாமியாரை அவன் கேள்விப்பட்டதே இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இரண்டும் செய்வது ஒரே வேலைதான், ஒரு நிறுவனத்தின் அத்தனை விவரங்களையும் பத்திரமாக வைத்திருந்து கேட்டபோது எடுத்துக் கொடுப்பது என்றான். ஆரக்கிளுக்குப் பணம் கட்ட வேண்டும். ஆனாலும் பெரிய வங்கிகள் அதை லேசில் விடுவதில்லை. போஸ்ட்கிரெஸ் இலவசம், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் பலர் அதைத்தான் தேடிப் போகிறார்கள்.

எதற்கு அதிகம் ஆள் எடுக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி.

அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. இவன் வேலை நிலைக்குமா, நம் பெண் நடுத்தெருவில் நிற்காமல் இருப்பாளா என்பதைத்தான் இப்படிச் சுற்றிக் கேட்கிறார்.

செல்போனை எடுத்து வேலை விளம்பரங்களைத் திறந்து காட்டினான். இதோ பாருங்கள், இதையும் பாருங்கள் என்று விரலால் தள்ளித் தள்ளி, தன் பிழைப்பு எவ்வளவு கெட்டியானது என்று நிரூபித்தான். வேகத்தில் வாய் ஒரு முழம் கூடுதலாக நீண்டுவிட்டது. ஆரக்கிள் என்று பழசை மட்டும் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றான்.

அம்மாவின் முகம் சுருங்கியது.

சோபாவின் கோடியில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த அப்பாவின் கத்தி நின்றது. சமையலறை வாசலில் நின்ற சிட்டு அவனைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள்.

என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்குப் புரியவில்லை.

"அப்போ பழசு மட்டும் தெரிஞ்சவங்க வந்தா, உங்க ஆபீஸ்ல எடுக்கவே மாட்டாங்களா?"

குரல் இறங்கியிருந்தது. நாளைக்கு உன்னுடையதும் பழசாகுமே, அப்போது என்ன செய்வாய் என்று மடக்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் அந்த முகத்தில் மடக்குகிற குறும்பு இல்லை. அதைப் பார்த்த பிறகு பீற்றிக்கொள்ள நாக்கு எழவில்லை.

உள்ளதைச் சொன்னான். போன வருடம் அவன் அலுவலகத்தில் ஓர் அம்மாளை எடுத்தார்கள். ஆரக்கிளில் பழம் தின்று கொட்டை போட்டவர், இடையில் பல வருடம் வேலையே பார்க்கவில்லை. மேலாளர் முதலில் இழுத்தார். வந்தவர் ஒரு மாதத்தில் புதியதைப் பிடித்துக்கொண்டார். இப்போது எங்காவது சிக்கிக்கொண்டால் மேலாளரே எழுந்து அவர் மேஜைக்குத்தான் போகிறார்.

விளம்பரத்தில் என்னவோ கருவியின் பெயரைத்தான் போடுகிறார்கள் என்றான். நேரில் உட்காரவைத்துப் பார்ப்பது வேறு. குப்பையாகக் கொட்டிக் கிடக்கும் விவரங்களைச் சரியாகப் பிரித்து அடுக்கத் தெரிகிறதா, வேலை எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று மோப்பம் பிடிக்கத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

"அது தெரிஞ்சவங்களுக்கு வயசே ஆகாது, ஆன்ட்டி."

அம்மா, கணவர் கையிலிருந்த ஆப்பிள் தட்டை அப்படியே வாங்கி அவன் பக்கம் நகர்த்தினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுக்கடுக்காகக் கேட்க ஆரம்பித்தார். பழையதில் ஊறினவர் புதியதில் எங்கே தடுக்கி விழுவார்? விவரங்களைச் சட்டென்று தேடி எடுக்க இண்டெக்ஸ் போடுவதில் என்ன மாற்றம்?

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு விளக்கினான். தேநீர் ஆறிப்போனது. பெண் கேட்டு வந்த வீடு என்பதே மறந்துபோனது.

ஞாபகம் வந்தபோது வெளியே இருட்டியிருந்தது. இவ்வளவு பேசியும் கல்யாணத்தைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நாகரிகமாக நழுவுகிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. எழுந்து நின்று, எங்கள் விஷயம் என்று இழுத்தான்.

எந்த விஷயம் என்றார் அம்மா.

கல்யாணம் என்பதை ஒருவழியாகச் சொல்லி முடித்தான்.

அதுவரை ஒரு வார்த்தை பேசாத அப்பா கத்தியைத் துடைத்து வைத்தார்.

"அதுக்குத்தான் போன வாரமே சரின்னு சொல்லிட்டோமே. சிட்டு சொல்லலையா?"

அம்மாவே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன் என்று சிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். இருந்த படபடப்பில் சுத்தமாக மறந்துபோயிற்றாம். தன் மாமனார் படுக்கையில் விழுந்தபோது அவர் விட்ட ஆரக்கிள் வேலை. அதற்குப் பிறகு நாளைக் காலையில்தான் முதல் இன்டர்வியூ. பல்லைத் தவிர வேறொன்றும் தெரியாத மகளிடம் எதைக் கேட்பது? அதனால்தான் அவனைக் கூட்டிவரச் சொன்னாராம்.

அவன் அப்படியே சோபாவில் சரிந்தான்.

"கல்யாணத்தை அப்புறம் பேசிக்கலாம். அந்த இண்டெக்ஸ் சமாச்சாரத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க, மாப்பிள்ளை."