கடைசி நூறு மீற்றர்

நாற்பத்தெட்டு வயதில் பரஞ்சோதியின் முதல் நீண்ட சைக்கிள் ஓட்டம். மொன்றியலைச் சுற்றி அறுபத்தைந்து கிலோமீற்றர். நான்கு மணிக்கு முடிவுக்கோட்டை மூடிவிடுவார்கள்.

கால் வலியைவிட, பின்னால் வருபவன்தான் அவரைப் பயமுறுத்தினான். மே மாதக் குளிருக்கு மூக்குவரை மப்ளர், கறுப்புக் கண்ணாடி. காலையிலிருந்து அதே இருபதடி இடைவெளி. இவர் வேகமெடுத்தால் அவனும் எடுத்தான். தண்ணீர் குடிக்க நின்றால் அவனும் நின்றான்.

"என்ன வேணும் உனக்கு?" என்று பிரெஞ்சில் கத்தினார். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

கடைசித் திருப்பம். மணி மூன்று ஐம்பத்தைந்து. கோடு தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு பொலிஸ்காரர் கையை உயர்த்தினார்.

பரஞ்சோதி சட்டென்று இறங்கிச் சைக்கிளை உருட்டினார். கை தானாக அடையாள அட்டையைத் தேடியது.

"அலே, அலே, மெஸ்யூ!" போகச்சொல்லிக் கையசைத்துப் பொலிஸ்காரர் சிரித்தார். அவர் மறித்தது குறுக்கே வந்த கார்களை.

ஊரில் இராணுவக் காவலரணைக் கண்டால் இறங்கி, முகத்தைக் காட்டி, சைக்கிளை உருட்டியே போகவேண்டும். இங்கே வந்து ஏழு வருடமாகியும் கால்கள் அதை மறக்கவில்லை. வெட்கத்தோடு திரும்பிப் பார்த்தார்.

அவனும் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். மப்ளரையும் கண்ணாடியையும் கழற்றி, முகத்தைக் காட்டியபடி.

"எனக்கும் இதுதான் முதல் தரம். உங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓடி வந்தனான்," என்றான். "அண்ணை, ஊரிலை எவடம்?"