இல்லாத புலி

"மொதல்ல கையைக் கழுவிட்டு வா, அப்புறம் பேசலாம்! தொட்டில் மேலெல்லாம் தெறிக்குது பாரு" என்றாள் மனைவி.

பொம்மைக்காரன் முழங்கை வரை களிமண்ணோடு நின்றான். களிமண்ணில் கை வைத்துவிட்டால் அவனிடமிருந்து பேச்சே வராது. அது தெரிந்துதான் எப்போதும் அந்த நேரம் பார்த்து அவள் சண்டையை ஆரம்பிப்பாள். இன்று அவன் பதில் சொல்லக் கிளம்பியதுதான் தப்பு.

கழுவிவிட்டு வந்தான்.

"சாயங்காலம் மியூசியத்துக்காரர் வர்றார். இந்தத் தடவையும் வேணாம்னுட்டா வேலை வேற பட்டறைக்குப் போயிடும்" என்றாள்.

"தெரியும், தெரியும்."

அறை நடுவில் ஆளுயரத்துக்கு நின்றது சிலை. உலகத்திலேயே முதன்முதலாகப் பேசிய பெண். முடி, கழுத்து நரம்பு, மனைவி தைத்துக் கட்டிய தோலாடை எல்லாம் அச்சு அசல். வாய்தான் தகராறு. முதலில் செய்த வாயைப் பார்த்து, "கொட்டாவி விடுறாளே" என்றார் மியூசிய அதிகாரி. அடுத்த வாய்க்கு, "பல்வலியா, பாவம்?" என்றார்.

"சரி, இவ மொதல்ல என்னதான் பேசியிருப்பா?" என்று கேட்டாள் மனைவி.

"'புலி வருது, ஓடு'ன்னு."

"அதைக் குரங்கே சொல்லிடுமே! எதிர்ல நிக்கிற புலியைக் காட்டறதுக்குப் பேச்சு எதுக்குய்யா? இல்லாத புலியைச் சொல்லணும். நேத்து வந்த புலி, நாளைக்கு வரப்போற புலி. அதான் பேச்சு."

"வரவே வராத புலி?"

"அதுவும்தான்."

"அப்ப உலகத்துல மொதப் பேச்சே புளுகுதானா?"

"உங்க வம்சமா இருந்தா அப்படித்தான்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே மேகம் மூடிக்கொண்டு வந்தது. அவள் எழுந்து விளக்கைப் போட்டாள். வெளிச்சம் இல்லாவிட்டால் அவளுக்குச் சண்டைகூடப் போட வராது.

"இப்படி வெச்சுக்கோ. வெளியே மழை. புருஷங்காரன் குகைக்குள்ள தூங்கி வழியறான். இவளுக்குள்ள மட்டும் நேத்துப் பாத்த புலி நடந்துட்டே இருக்கு. அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பா? தனக்குள்ள இருக்கறதை எடுத்து இன்னொருத்தருக்குள்ள எப்படி வைப்பா? அப்பத்தான்…"

விரல்களை மடக்கி, தோளைத் தாழ்த்தி, மெல்ல அடியெடுத்து வைத்தாள். அறைக்குள் புல் உயர்ந்தது. ஈர மண் மணத்தது. அலமாரிக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே மஞ்சளாக ஏதோ நழுவிப் போனது போலிருந்தது. கம்பித் தொட்டிலில் உட்கார்ந்திருந்த குழந்தை கண்கொட்டாமல் பார்த்தது.

"பாப்பாவைப் பாரேன்! இன்னும் ஒரு வார்த்தை வரலையே இதுக்கு" என்றான்.

"வரும், வரும். நமக்குப் பொறந்துட்டு சும்மா இருக்குமா?"

அவன் கண்ணை மூடி யோசித்தான். தோளில் அடி விழுந்தது.

"நான் பேசிட்டிருக்கேன்ல? வேற எது வேணா பண்ணு, கண்ணை மட்டும் மூடாத!"

ஆனால் அவனுக்குக் கிடைத்துவிட்டது. கட்டைவிரலை நனைத்து, சிலையின் உதடுகளை ஒரே இழுப்பில் மூடினான். தொங்கிக்கொண்டிருந்த அதன் கைகளை மெதுவாக மேலே வளைத்தான்.  மனைவி களிமண்ணைப் பிசைந்து பிசைந்து எடுத்துக் கொடுத்தாள்.

கடைசி விரலை மடக்கும்போது வாசலில் வண்டி வந்து நின்றது. அதிகாரி உள்ளே வந்தார், வழக்கம்போல் கூடவே ஒரு பெண்ணும். சிலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவர், தொட்டிலருகே வந்து நின்றார்.

"வாயே தெறக்கலையே, இவ எப்படிங்க பேசுவா?" என்று அவர் கேட்டது கணவன் மனைவி இருவர் காதிலும் விழவில்லை, பிறந்ததிலிருந்து அவர்கள் காதில் எதுவுமே விழுந்ததில்லை. கூட வந்த பெண் எப்போதும்போல் அதை விரல்களால் அவர்களுக்குச் சொல்லி முடிப்பதற்குள், தொட்டிலிலிருந்து இரண்டு பிஞ்சுக் கைகள் எழுந்து, விரல்களை மடக்கி, தங்கள் முதல் வார்த்தையைப் பேசின. யாரும் மொழிபெயர்த்துச் சொல்லும் முன்பே அதிகாரி ஓரடி பின்வாங்கினார்.