ஒரு கை தூரம்

அலுவலகக் கணினி ‘கிர்ர்’ என்று அலறியது. ‘பூரணி: இதயத்துடிப்பு 141.’ மனைவிக்குத் தெரியாமல் கதிரேசன் வைத்திருந்த எச்சரிக்கை மணி அது.

அவளை அழைத்தான். போன் அணைந்திருந்தது. அப்படியானால் இந்தச் செய்தி எப்படி வந்தது?

அது அவனுக்குத் தெரியும். இதயத்துடிப்பை அளக்க இப்போது எல்லோரும் மார்பில் ஒட்டிக்கொள்ளும் பேட்சின் ரேடியோவை வடிவமைத்தவனே அவன்தான். பேட்டரி தீராமலிருக்க, அதன் அலை ஒரு கை தூரம்தான் போகும். சொந்த போன் அணைந்திருந்தால், அருகில் இருப்பவரின் பேட்ச் வழியாகச் செய்தி வந்துவிடும்.

அருகில் இருப்பது யார்? மத்தியானம் மூன்று மணிக்கு, போனை அணைத்துவிட்டு, நெஞ்சு படபடக்க, அவ்வளவு நெருக்கத்தில்?

செய்தியோடு வந்திருந்த அந்த இன்னொரு பேட்சின் எண்ணைத் தட்டினான். பெயர் வரவில்லை, முகவரி வந்தது. ஆர்.எஸ்.புரம், மூன்றாவது மாடி.

“என்னங்க சார், அவசரமா கெளம்பிட்டீங்க?” என்றான் பக்கத்து மேசைக்காரன்.

“பல்லு வலிங்க.”

பைக்கை விரட்டினான். மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவிக் கதவை உடைப்பதுபோல் தட்டினான். பூரணிதான் திறந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

“உள்ள எவன்டி?” என்று கத்தியபடி அவளைத் தள்ளிக்கொண்டு நுழைந்தான்.

உள்ளே கறுப்புக் கோட்டு அணிந்த ஓர் அம்மாள் மட்டும் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். பூரணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“மூணு மாடியும் ஏறி எறங்கி, போனை அணைச்சுட்டு உங்க பக்கத்துல வந்து நின்னனுங்களா? இருபத்திரண்டே நிமிசத்துல வந்துட்டாரு. இவரு என்னை வேவு பாக்கறாருங்கறதுக்கு இன்னும் சாட்சி வேணுமுங்களா, வக்கீலம்மா?”