துணைக்கு நீ வேண்டாம்க்கா

"துணைக்கு நீ வேண்டாம்க்கா. நான் தனியாத்தான் போறேன்."

தம்பி இப்படிச் சொன்னதும், மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே மடியில் போட்டுவிட்டு அவனையே பார்த்தாள் அக்கா.

அவனுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. ஒலிப்பதிவுக் கூடத்தில் எடிட்டர் வேலை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். காலையில் அவனை ஸ்டூடியோவில் விட்டுவிட்டுத்தான் அவள் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போவாள். சாயங்காலம் அவள் வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை அவன் அங்கேயே உட்கார்ந்திருப்பான்.

அப்படிப்பட்டவன், கடல் தாண்டி, மொழி தெரியாத ஒரு பெரிய நகரத்துக்கு ஒரு வாரம் போய்ச் சுற்றிவிட்டு வரப்போகிறானாம்.

"எனக்கு லீவு நிறையக் கிடக்குடா. நான் கூட வந்தா உனக்கு என்ன இடைஞ்சல்?"

"நீ வந்தா என் கையை விட மாட்டே."

அவளுக்குச் சுருக்கென்றது. பிடித்த கையை ஒரு தொந்தரவு மாதிரி சொல்லிவிட்டானே என்று அன்றைக்கு முழுக்க அவனோடு சரியாகப் பேசவில்லை.

விஷயம் மாடிவீட்டுக்காரர் காதுக்குப் போயிற்று. இத்தனை வருஷம் கண்ணாக இருந்து பார்த்துக்கொண்டவளுக்கு இதுதான் மரியாதையா என்று அவளிடம் வருத்தப்பட்டார். அவனைப் படிக்கட்டில் நிறுத்தி நேராகவே கேட்டும் விட்டார்.

"அவ்வளவு தூரம் போய் நீ என்னப்பா பார்க்கப்போறே?"

"நீங்க வெளிநாடு போனப்போ போட்டோ எடுத்துட்டு வந்தீங்க சார். நான் சத்தம் எடுத்துட்டு வரேன்."

திமிர் பிடித்தவன் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

குழுவாகப் போகிற சுற்றுலாவிலாவது சேர்ந்துகொள் என்று அக்கா கெஞ்சிப் பார்த்தாள். கொடி பிடித்துக்கொண்டு முன்னால் போகிறவர் பின்னாலேயே போவதற்கு அவ்வளவு தூரம் எதற்கு, இங்கேயே ஏதாவது ஊர்வலத்தில் நடக்கலாமே என்று சிரித்தான்.

அவன் திட்டம் போட்ட விதமும் அவளைப் பயமுறுத்தியது. போன் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும்; ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, எந்த ரயில், எந்த நிலையம், எந்த வாசல் வழியாக வெளியே வந்தால் தங்கும் இடம் என்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தான். லிஃப்ட் பக்கத்தில் அறை வேண்டுமென்று விடுதிக்கு எழுதி வாங்கினான். லீவு நாட்களில், தான் போயே இராத ஏதோ ஒரு பேட்டைக்கு பஸ் ஏறிப் போய், வேண்டுமென்றே வழி தவறி, தானாகவே வீடு திரும்பிப் பழகினான்.

ஒரு நாள் முழங்காலில் ரத்தத்தோடு வந்து நின்றான். தோண்டிப்போட்ட பள்ளமாம். மருந்து போட்டுக்கொண்டே அவள் அழுதாள்.

"யாருக்கு என்னடா நிரூபிக்கணும் நீ?"

"மருந்து எரியுதுக்கா. ஊது."

ஊதினாள். அவன் போவதென்று முடிவு செய்துவிட்டான் என்பது அப்போது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

விமான நிலையத்தில் ஓர் ஊழியர் அவனை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடிக்கு வெளியே அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

சொன்னபடி தினமும் சாயங்காலம் போன் செய்தான். ஒரு தடவை சுரங்க ரயிலில் அறிவிப்பைத் தப்பாகக் கேட்டு வேறு நிலையத்தில் இறங்கிவிட்டானாம். கேட்டவர்களுக்கு இவன் மொழி புரியவில்லை, இவனுக்கு அவர்கள் மொழி புரியவில்லை. "பயமாப் போச்சுக்கா. ஓரமா போய்க் கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் தானா ஓடற படிக்கட்டோட சத்தம் கேட்டுச்சு, அதைப் பிடிச்சுக்கிட்டு மேல வந்துட்டேன்" என்றான். நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தவள், அவன் அறைக்கு வந்து சேர்ந்தாயிற்று என்றதும்தான் உட்கார்ந்தாள்.

திரும்பி வந்த அன்று, யார் தோளையும் பிடிக்காமல், கைத்தடியைத் தட்டிக்கொண்டு தானே வெளியே வந்தான். ஓடிப்போய்க் கையைப் பிடிக்கப் போனவள், சட்டென்று நிறுத்திக்கொண்டு அவன் பையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

டாக்சியில் ஏறியதும் அவள் காதில் இயர்போனை மாட்டிவிட்டான். கோபுரத்து மணி, ரயில் கதவு மூடுகிற ஓசை, குடைகள்மேல் மழை. நடுவே இவன் அந்த ஊர் மொழியில் தட்டுத் தடுமாறி வழி கேட்க, யாரோ ஒருத்தி பாட்டுக்காரி மாதிரி இழுத்து இழுத்துத் திருத்திச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஊர் பிடிச்சுதாடா?"

"ரொம்பப் பிடிச்சுது. ஆனா அதுக்காக மட்டும் போகலைக்கா."

"பின்னே?"

"நான் டிக்கெட் போடறதுக்கு முன்னாடி, உன் கூட வேலை பார்க்கறவங்க எனக்கு போன் பண்ணினாங்க. உன்னை மேனேஜராக்கி வெளியூருக்கு மாற்றல் வர்றப்பல்லாம், தம்பி தனியா இருக்க மாட்டான்னு சொல்லி வேண்டாம்னுடறியாம்."

அவள் இயர்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் தடவிப் பார்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"மொழி தெரியாத ஊர்லயே தனியா இருந்துட்டு வந்துட்டேன். அடுத்த தடவை ஆர்டர் வந்தா, நீ கிளம்பு."